ஒரு மாதத்தை வாரக் கணக்குக் காலங்களாகப் பிரிப்பது எப்படி: நிரல் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் மளிகைக்கடை, லாரி வாடகை, செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் என்று எதை எடுத்தாலும் பணம் வாரா வாரம் புரளும், ஆனால் கணக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும். முதலாளி "இந்த வாரம் எவ்வளவு?" என்று கேட்பார், வங்கியும் சேமநிதி வாரியமும் "இந்த மாதம் எவ்வளவு?" என்று கேட்கும். இரண்டு கேள்விக்கும் ஒரே தரவிலிருந்து ஒன்றோடொன்று ஒத்துப்போகிற பதில் வரவேண்டும்.

இதற்கு நிரல் எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் தேதியை 7ஆல் வகுப்பதில் தொடங்குவார்கள். இரண்டு மாதம் சரியாக வரும், மூன்றாவது மாதம் உதைக்கும், அப்புறம் அதற்கொரு விதிவிலக்கு, அதற்கு மேல் இன்னொன்று என்று நிரல் வீங்கிக்கொண்டே போகும். வேலையை வரிசையாகச் செய்தால் விதிவிலக்கே தேவையில்லை.

நிரல் வரிகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, எக்ஸெல் மேக்ரோ எதுவாக இருந்தாலும் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடையின் பழைய கணக்கு இரண்டு மாதத்துக்காவது வேண்டும். கணினியில் இருக்க வேண்டும் என்றில்லை, கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகமே போதும். அதில் வாரம் முடிந்ததும் ஒரு கோடு இழுத்துக் கூட்டல் போட்டிருப்பார்கள். அந்தக் கோடு எந்தத் தேதிக்குக் கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வாய்வார்த்தையை விட அந்தக் கோடு நம்பகமானது.

அடுத்து, கிளைகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதோடு. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

மூன்றாவது, தேதிகள் உண்மையிலேயே தேதிகளா என்று பார்ப்பது. நாம் 03/08/2026 என்று எழுதினால் ஆகஸ்ட் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்ஸெல் அதை மார்ச் 8 என்று எடுத்துக்கொள்ளும். 13/08/2026 என்றால் 13ஆம் மாதம் கிடையாதே, அதனால் வெறும் எழுத்தாக அப்படியே விட்டுவிடும். ஆக மாதத்தின் முதல் 12 நாளில் 08/08 தவிர மற்றவை தவறான மாதத்துக்குப் போய்விடும், மிச்சம் எந்த மாதத்திலும் சேராது. கண்டுபிடிக்க எளிய வழி: நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இடப்பக்கம் நிற்பவை எழுத்து. இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள், பிறகு எந்த வாரத்தில் பிழை என்று தேடியே பொழுது போய்விடும்.

2. வாரம் எந்தக் கிழமை முடிகிறது என்று முடிவு செய்யுங்கள்

கணக்கைப் பொறுத்தவரை வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்று கேட்பதை விட எப்போது முடிகிறது என்று கேட்பதுதான் பலன் தரும். முதலாளிகளுக்கு அதுதான் நினைவில் இருக்கும்.

"அண்ணே, உங்களுக்கு வாரம் என்னைக்கு முடியுது?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஆளுங்களுக்குச் சம்பளம் போட்டாச்சுன்னா முடிஞ்சுது தம்பி."

"அப்ப ஞாயித்துக்கிழமை வியாபாரம்?"

"அது... அடுத்த வாரந்தானே?"

அந்த இழுவையைக் கவனியுங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கடை திறந்து வைப்பார்கள், அந்தப் பணம் எந்த வாரம் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கடைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியும் பல நேரம் ஞாயிறில் தொடங்கும், அதைப் பார்த்துப் பேசுகிறவர் மனத்தில் வாரம் ஞாயிறு முதல் சனி வரை. கணினியில் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தேதித் தர முறைப்படி வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. இருவரும் "வாரம்" என்றே சொல்வார்கள், ஒரு நாள் வித்தியாசத்தில்.

மாநிலமும் இங்கே நுழைகிறது. பேராக்கில் சனி, ஞாயிறு விடுமுறை. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி. கூலிமில் ஒரு கிளையும் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளையும் வைத்திருப்பவருக்கு வாரமுடிவு ஒன்றில் சனி, மற்றதில் ஞாயிறு என்று இருக்கக்கூடும். அரசு விடுமுறை எப்படியிருந்தாலும் கடைக்காரர் தன் வாரத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், அதனால் நீங்களாக ஊகிக்காமல் கிளைவாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிழமைக்கு எண் கொடுப்பதிலும் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. பைத்தானின் வீக்டே (weekday) என்ற செயற்கூறு திங்களுக்கு 0 தரும், அதே பைத்தானின் ஐஎஸ்ஓவீக்டே திங்களுக்கு 1 தரும். ஜாவாஸ்கிரிப்டின் கெட்டே (getDay) ஞாயிறுக்கு 0. எக்ஸெலின் வீக்டே, வேறெதுவும் சொல்லாவிட்டால், ஞாயிறுக்கு 1. இந்த வழிகாட்டி முழுவதும் திங்கள் 0, ஞாயிறு 6. உங்கள் மொழி வேறு எண் தந்தால், நிரலின் நுழைவாயிலிலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள், உள்ளே ஆங்காங்கே ஒன்றைக் கூட்டிக் கழிக்காதீர்கள்.

3. மாத ஓரத்தில் தொங்கும் வாரத்தை என்ன செய்வது

2026 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கள் ஜூலை 27. ஆகவே ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 2 வரையுள்ள வாரம் இரண்டு மாதத்திலும் கால் வைத்திருக்கிறது. இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு.

முதல் வழி, வாரத்தை மாத ஓரத்தில் வெட்டுவது. ஜூலை 27 முதல் 31 வரை ஜூலையின் கடைசிக் காலம், ஆகஸ்ட் 1, 2 ஆகஸ்டின் முதல் காலம். எல்லாக் காலங்களையும் கூட்டினால் மாதத்தின் கூட்டுத்தொகை அப்படியே வரும். குறை என்னவென்றால் ஓரக் காலங்கள் குட்டையாக இருக்கும்.

இரண்டாவது வழி, கிழமையை மறந்துவிட்டு 1–7, 8–14, 15–21, 22–28, 29 முதல் மாத முடிவு வரை என்று போவது. எழுத எளிது. ஆனால் ஐந்தாவது காலம் மாதத்துக்கு மாதம் 0 முதல் 3 நாள் வரை மாறும், வாரமுடிவும் காலமுடிவும் ஒட்டாது. வாரச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இது உதவாது.

மூன்றாவது வழி, வாரத்தை வெட்டாமல் அது முடிகிற மாதத்துக்குக் கொடுத்துவிடுவது. மேலே சொன்ன வாரம் முழுவதும் ஆகஸ்டுக்குப் போகும். வாரங்களை ஒப்பிட அருமையான முறை, ஆனால் ஜூலையின் ஐந்து நாள் விற்பனை ஆகஸ்டில் நிற்கும், வங்கி அறிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஒட்டாது.

நான்காவது, காலாண்டை 4, 4, 5 வாரங்களாகப் பிரிப்பது. பெரிய சில்லறை நிறுவனங்களுக்கு உரியது. 52 வாரம் என்றால் 364 நாள்தான், மிச்ச நாட்கள் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை 53ஆவது வாரம் ஒன்றை நுழைக்க வேண்டிவரும். நம் ஊர்க் கடைக்கு இந்தத் தலைவலி எதற்கு?

நான் முதல் வழியைத்தான் சொல்வேன். சேமநிதிக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் மாதக் கணக்கில்தான் கட்டுகிறோம், எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி கட்டுகிற கடையானால் அதன் வரிக்காலம் வழக்கமாக இரண்டு முழு மாதங்கள். மாத எல்லையைத் தொடாமல் வைத்திருந்தால் இவை எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. இனி வரும் படிகள் எல்லாம் இந்த முறைக்கே.

முடிவை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டிவிட்டு நிரலுக்குப் போங்கள். "வாரம் ஞாயிறு முடியும், மாத ஓரத்தில் வெட்டப்படும்" என்று ஒரு வரி போதும். காட்டும்போது வெறும் வரியை மட்டும் காட்டாமல் 2026 ஆகஸ்ட் நாள்காட்டியில் பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள், அப்போதுதான் "இதென்ன, கடைசி வாரம் ஒரே நாளா?" என்ற கேள்வி இப்போதே வரும்.

4. மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும்

முதல் நாளில் பிரச்சினை இல்லை. கடைசி நாளுக்கு 30, 31, 28 என்று பட்டியல் எழுதி வைக்காதீர்கள், லீப் ஆண்டு வந்தால் மாட்டுவீர்கள். அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து ஒரு நாளைக் கழியுங்கள், 2028 பிப்ரவரி 29 தானாகவே வந்துவிடும்.

இங்கே நடக்கும் தவறு டிசம்பரில். மாதத்தோடு 1 கூட்டினால் 13 ஆகிவிடும், ஆண்டையும் ஏற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் 0இல் தொடங்குவதால் ஆகஸ்டுக்கு 7 என்பதையும் மறக்கக்கூடாது. பைத்தானில் மந்த்ரேஞ்ச் (monthrange) என்ற செயற்கூறு இரண்டு எண்களைத் திருப்பித் தரும். முதலாவது மாதத்தின் முதல் நாளின் கிழமை, இரண்டாவதுதான் நாட்களின் எண்ணிக்கை. 2026 ஆகஸ்டுக்கு 5, 31 என்று வரும். அவசரத்தில் முதலாவதை எடுத்துக்கொண்டு "மாதத்துக்கு 5 நாள்தானா?" என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில இடங்களில் கணக்கு மாதம் 25ஆம் தேதியோடு மூடப்படும். அப்படியானால் முதல் நாள் முந்தைய மாதம் 26, கடைசி நாள் இந்த மாதம் 25. இந்த இரண்டு தேதிகளும் நிரலுக்கு வெளியிலிருந்து வரும்படி வையுங்கள். கீழேயுள்ள லூப்பில் ஓர் எழுத்துகூட மாறாது.

5. காலங்களை உருவாக்கும் லூப்

வகுத்தல் வேண்டாம். முதல் நாளில் நின்று, அருகிலுள்ள வாரமுடிவுக்குப் போய், அடுத்த நாளில் மறுபடி தொடங்குவதுதான் வேலை.

தொடக்கம் = மாதத்தின் முதல் நாள்
மாதமுடிவு = மாதத்தின் கடைசி நாள்
எண் = 1
தொடக்கம் <= மாதமுடிவு ஆக இருக்கும் வரை:
    கிழமை = தொடக்கத்தின் கிழமை எண்
    தூரம் = (வாரமுடிவுக்கிழமை - கிழமை + 7) ஐ 7ஆல் வகுத்த மீதி
    முடிவு = தொடக்கம் + தூரம் நாட்கள்
    முடிவு > மாதமுடிவு எனில்: முடிவு = மாதமுடிவு
    பட்டியலில் சேர்: எண், தொடக்கம், முடிவு
    தொடக்கம் = முடிவு + 1 நாள்
    எண் = எண் + 1

வாரமுடிவு ஞாயிறு, அதாவது 6. ஆகஸ்ட் 1 சனி, அதாவது 5. 6 - 5 + 7 = 8, மீதி 1. முடிவு ஆகஸ்ட் 2. அடுத்து 3–9, 10–16, 17–23, 24–30, கடைசியாக 31 மட்டும். மொத்தம் ஆறு காலங்கள்.

அந்த ஆறாவது காலம் ஒரே ஒரு திங்கட்கிழமை, அதுவும் தேசிய தினம். பாதிக் கடைகள் மூடியிருக்கும். அறிக்கையைப் பார்க்கிறவர் "ஆறாவது வாரம் வியாபாரம் படுத்துவிட்டது" என்று நினைக்காமல் இருக்க, ஒவ்வொரு காலத்தோடும் அதன் நாள் எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிடுங்கள். நாள் சராசரியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த "+ 7" எதற்கு என்று கேட்பீர்கள். வாரமுடிவு ஞாயிறு என்றால் 6இலிருந்து எதைக் கழித்தாலும் எதிர்மறை வராது, எனவே பேராக் கிளையில் அது இல்லாமலும் எல்லாம் ஒழுங்காக ஓடும். கூலிம் கிளைக்கு வாரமுடிவு சனி, 5. ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் காலத்தில் 5 - 6 = -1. பைத்தானில் -1ஐ 7ஆல் வகுத்த மீதி 6, தப்பித்தீர்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் அது -1. முடிவு தொடக்கத்துக்கு ஒரு நாள் முன்னால் போகும், அதற்கு அடுத்த நாள் மறுபடியும் அதே தொடக்கம், லூப் செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றும். ஓர் ஊரில் சோதித்துவிட்டு இன்னோர் ஊரில் போட்டதும் திரை உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வார எண்ணைக் கழித்துப் பார்க்கும் குறுக்குவழியும் பலருக்குத் தோன்றும்: தேதியின் ஆண்டு வார எண்ணிலிருந்து மாதம் முதல் தேதியின் வார எண்ணைக் கழித்து 1 கூட்டு. நடு ஆண்டில் வேலை செய்யும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, ஐஎஸ்ஓ கணக்கில் அது 2026இன் 53ஆவது வாரம். ஜனவரி 4 முதலாவது வாரம். 1 - 53 + 1 = -51ஆவது வாரம் என்று அறிக்கை வரும். புத்தாண்டும் அதுவுமாக முதலாளி போன் போடுவார்.

6. குட்டைக் காலங்களைச் சேர்ப்பது, வேண்டுமென்றால் மட்டும்

ஒரு நாள், இரண்டு நாள் காலங்கள் பிடிக்காதவர்கள் உண்டு. 2026 நவம்பரைப் பாருங்கள். 1ஆம் தேதி ஞாயிறு, 30ஆம் தேதி திங்கள். திங்கள் முதல் ஞாயிறு முறையில் முதல் காலமும் ஒரு நாள், கடைசிக் காலமும் ஒரு நாள். இப்படிப்பட்ட மாதத்தில் ஓரத்துத் துண்டைப் பக்கத்துக் காலத்தோடு சேர்த்துவிடலாம்.

இதை லூப்புக்குள் செய்யாதீர்கள். முதலில் எல்லாக் காலங்களையும் உருவாக்கி முடியுங்கள், அப்புறம் பட்டியலை எடுத்து, முதல் காலம் 3 நாளுக்குக் குறைவானால் இரண்டாவதோடு சேருங்கள், பிறகு கடைசிக்கும் அதையே செய்யுங்கள், கடைசியில் எண்களை 1இலிருந்து மறுபடி போடுங்கள். தனிப் படியாக இருந்தால், வேண்டாம் என்று சொல்கிற கடைக்கு அந்த ஒரு படியை மட்டும் நிறுத்திவிடலாம்.

ஆகஸ்ட் இந்த விதிப்படி 1–9, 10–16, 17–23, 24–31 என்று நான்காகச் சுருங்கும். 9, 7, 7, 8, கூட்டினால் 31. என் தனிப்பட்ட அபிப்பிராயம், சேர்க்காமல் விடுவதே மேல். ஒன்பது நாளை "வாரம்" என்று கூப்பிடத் தொடங்கினால் அதையும் யாராவது வந்து கேட்பார்கள்.

7. காலங்களை அட்டவணையில் சேமித்து வையுங்கள்

ஒவ்வொரு முறை அறிக்கை எடுக்கும்போதும் கணக்கிட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். கிளை, கால அடையாளம், தொடக்கம், முடிவு, மூடியாயிற்றா என்ற ஐந்து நெடுவரிசையோடு ஓர் அட்டவணையில் எழுதி வையுங்கள்.

விதி ஒருநாள் மாறும் என்பதுதான் காரணம். ஜோகூரில் 2024 முடியும் வரை வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு ஆனது. குளுவாங்கில் கிளை வைத்திருப்பவர் அதையொட்டி வாரமுடிவை மாற்றினால், கணக்கிட்டுக்கொள்ளும் நிரல் 2024இன் பழைய வாரங்களையும் சேர்த்துக் கலைத்துவிடும், ஏற்கெனவே அச்சிட்டுக் கோப்பில் போட்ட அறிக்கைகளோடு எதுவும் ஒட்டாது. சேமித்த அட்டவணை அப்படியே நிற்கும். வாரமுடிவு விதிக்கும் "எந்தத் தேதி முதல்" என்று ஒரு நெடுவரிசை கொடுங்கள். மாத ஓரத்தில் வெட்டும் முறையில், விதிமாற்றத்தை மாதத்தின் 1ஆம் தேதி வைத்துக்கொண்டால் நடுவில் கோணலான வாரம் எதுவும் உருவாகாது.

அடையாளத்தை ஆண்டு, மாதம், காலம் என்ற வரிசையில் எழுதுங்கள், மாதத்துக்கு இரண்டு இலக்கம்: 2026-08-6. வெறும் 8 என்று எழுதினால் அகரவரிசையில் 10ஆம் மாதம் 8ஆம் மாதத்துக்கு முன்னால் போய் நிற்கும்.

8. விற்பனைப் பதிவுகளை அதனதன் காலத்தில் போடுவது

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டும் நேரத்தைப் பற்றியவை.

ஒன்று, உலக நேரம் (யுடிசி). மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். சர்வர் உலக நேரத்தில் பதிந்து வைத்தால், நம் காலை 8 மணிக்கு முன் நடந்த எல்லாமே முந்தைய தேதியில் விழும். பட்டணத்துக் கடைக்கு அந்த நேரத்தில் வியாபாரமே இருக்காது, பிழை வெளியே தெரியாது. தோட்டப்புறத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் விடியற்காலையிலேயே ரொட்டியும் தேநீரும் வாங்கிவிட்டுப் போவார்கள், திங்கள் காலை விற்பனையில் ஒரு பகுதி ஞாயிறு கணக்கில், அதாவது போன வாரத்தில் ஏறிவிடும். 1ஆம் தேதியானால் போன மாதத்திலேயே ஏறும். பதிவை முதலில் மலேசிய நேரத்துக்கு மாற்றி, தேதியை மட்டும் தனியே பிரித்து, அதற்குப் பிறகே காலத்தைத் தேடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் நள்ளிரவை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றினால் ஒரு நாள் பின்னால் போவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டு, முடிவுத் தேதி. "தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில்" என்று தேடினால் தரவுத்தளம் ஆகஸ்ட் 9 என்பதை ஆகஸ்ட் 9 நள்ளிரவு 12 மணி என்று புரிந்துகொள்ளும், அன்று பகல் முழுக்க நடந்த விற்பனை காணாமல் போகும். ஞாயிறு விற்பனை எப்போதும் பூஜ்யம் என்று காட்டினால் இதைச் சந்தேகப்படுங்கள். சரியான கேள்வி இப்படி:

நேரம் >= தொடக்கம், மேலும் நேரம் < முடிவு + 1 நாள்

அறிக்கை எடுக்கும்போது விற்பனை அட்டவணையிலிருந்து தொடங்காமல் கால அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். விற்பனையே இல்லாத காலமும் 0.00 என்று ஒரு வரியாக வரும். இல்லாவிட்டால் ஆகஸ்ட் 31 மூடியிருந்த கடைக்கு ஐந்து காலங்கள்தான் தெரியும், பக்கத்துக் கிளைக்கு ஆறு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது.

9. மாதச் செலவை வாரங்களுக்குப் பங்கிடுவது

கடை வாடகை மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டின் ஆறு காலங்களுக்கு 2, 7, 7, 7, 7, 1 என்ற நாள் விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டு இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 77.42, பின் நான்கு முறை 270.97, கடைசியில் 38.71. கூட்டிப் பாருங்கள், 1,200.01. ஒரு சென் அதிகம். ஒரு சென்தானே என்று விட்டால் மாதாமாதம் "வித்தியாசம்" என்று ஒரு வரி முளைக்கும், பிறகு உண்மையான வித்தியாசம் வரும்போது யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

சரியான வழி, ஓடு கூட்டலை முழுமையாக்கிவிட்டு முந்தையதைக் கழிப்பது. 2ஆம் நாள் வரை 77.42, 9ஆம் நாள் வரை 348.39, 16 வரை 619.35, 23 வரை 890.32, 30 வரை 1,161.29, 31 வரை 1,200.00. ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்தால் 77.42, 270.97, 270.96, 270.97, 270.97, 38.71. மூன்றாவது காலம் மட்டும் ஒரு சென் குறைகிறது, கூட்டுத்தொகை மிகச் சரி. எந்த மாதத்துக்கும் எந்தத் தொகைக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கடைசி ஓடு கூட்டல் எப்போதும் முழுத் தொகைதான்.

பணத்தை நிரலுக்குள் சென்னாக, முழு எண்ணாக வைத்திருங்கள். 1,200 வெள்ளி என்றால் 120000. இன்னொரு குறிப்பு: ரொக்க பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கல்லாவில் நடக்கும் விஷயம், அந்த வித்தியாசத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வாடகைப் பங்கீட்டில் கொண்டுபோய் அதைக் கலக்காதீர்கள்.

10. சம்பள வாரத்தை இதோடு கலக்காதீர்கள்

வாரக் காலங்கள் தயாரானதும் "அப்படியே வேலை நேரத்தையும் இதிலேயே கூட்டிக்கொடுங்க தம்பி" என்பார்கள். அங்கே நில்லுங்கள்.

வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் உள்ளது, வெட்டாத முழு வாரத்துக்கு. ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 2 வரை ஒருவர் 50 மணி நேரம் வேலை செய்திருந்தால், நம் அட்டவணையில் அது ஜூலைத் துண்டில் கொஞ்சம், ஆகஸ்டுத் துண்டில் கொஞ்சம் என்று பிரிந்து, இரண்டுமே 45க்குக் கீழே நிற்கும். கூடுதலாக உழைத்த ஐந்து மணி நேரம் கண்ணில் படாமலே போய்விடும். ஆளுக்குச் சேர வேண்டியது போய்விடும் என்பதால் இது வெறும் நிரல் பிழை இல்லை.

ஆகவே வேலை நேரத்துக்கு வெட்டாத வாரங்களின் அட்டவணை ஒன்று தனியாக. லூப்பில் "முடிவு > மாதமுடிவு எனில்" என்ற வரியை எடுத்துவிட்டு, தொடக்கத்தை மாதத்தின் 1ஆம் தேதிக்குப் பதிலாக ஏதாவதொரு வாரத்தின் முதல் நாளில் வைத்தால் அந்த அட்டவணை கிடைத்துவிடும். சம்பளத் தொகை கணக்கில் ஏறும்போது மட்டும் எந்தெந்தத் தேதியின் கூலி எவ்வளவு என்று பார்த்துக் கணக்குக் காலங்களில் போடுங்கள்.

11. சோதனை

திரையில் ஒரு மாதத்தைப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று விடக்கூடாது. 2020 முதல் 2040 வரை எல்லா மாதத்துக்கும், ஏழு கிழமைகளையும் வாரமுடிவாக வைத்து, லூப்பை ஓடவிடுங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை: முதல் காலம் மாதத்தின் முதல் நாளில் தொடங்குகிறதா, கடைசிக் காலம் கடைசி நாளில் முடிகிறதா, ஒரு காலத்தின் முடிவுக்கு மறுநாள்தான் அடுத்ததன் தொடக்கமா, நாட்களின் கூட்டல் மாத நாட்களுக்குச் சமமா, எண்ணிக்கை 4க்கும் 6க்கும் உள்ளே இருக்கிறதா.

கையால் சரிபார்க்கச் சில மாதங்கள் நல்லவை. 2027 பிப்ரவரி திங்களில் தொடங்கி 28 நாளில் முடிகிறது, ஞாயிறு முடிவுக்குச் சரியாக நான்கு காலம். 2026 பிப்ரவரி சனி முடிவுக்கு நான்கு, ஞாயிறு முடிவுக்கு ஐந்து, இரண்டு கிளை விதிகளும் கலந்துவிட்டால் இங்கே அகப்படும். 2028 பிப்ரவரி 29 நாள், ஞாயிறு முடிவுக்கு ஐந்து காலம், கடைசியானது 28, 29. 2026 நவம்பர் ஞாயிறு முடிவுக்கு ஆறு, சனி முடிவுக்கு ஐந்து.

பிறகு 555 புத்தகத்துக்குத் திரும்புங்கள். பழைய மாதம் ஒன்றின் விற்பனையை ஏற்றி, நிரல் தரும் வாரக் கூட்டலையும் புத்தகத்தில் கோட்டுக்குக் கீழே எழுதிய கூட்டலையும் ஒப்பிடுங்கள். ஒட்டாவிட்டால் முதலில் ஞாயிறு விற்பனையைப் பாருங்கள், அடுத்தது அதிகாலைப் பதிவுகளை.

12. காலத்தை மூடுவதும் தாமதமாக வரும் பில்லும்

மூடிய காலத்தில் யாரும் பதிவைச் சேர்க்கவோ திருத்தவோ முடியாதபடி நிரல் தடுக்க வேண்டும். ஆனால் லாரிக்காரர் ஆகஸ்ட் 14ஆம் தேதி பில்லை 20ஆம் தேதிதான் கொண்டுவருவார், அதற்குள் மூன்றாவது காலம் மூடியிருக்கும். மூடியதைத் திறந்தால் முதலாளி கையில் இருக்கும் அச்சு அறிக்கை பொய்யாகிவிடும்.

அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதி வையுங்கள்: பில் தேதி ஒன்று, கணக்கில் ஏறும் தேதி ஒன்று. காலத்தைத் தேடுவது எப்போதும் இரண்டாவதை வைத்து. பில் தேதியின் காலம் திறந்திருந்தால் இரண்டும் ஒன்றே, மூடியிருந்தால் திறந்திருக்கும் முதல் காலத்தின் தொடக்க நாளை நிரலே ஏறும் தேதியாகப் போட்டுக்கொள்ளும். மாதத்தின் கடைசிக் காலத்தை மட்டும் உடனே மூடாமல் அடுத்த மாதம் ஒரு வாரம் திறந்தே வைத்திருங்கள். சேமநிதிக் கட்டணத்துக்குக் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி என்பதால் அதற்குள் மாதக் கணக்கைச் சரிபார்த்து மூட நேரம் இருக்கும், தாமத பில்களில் பெரும்பாலானவை மாதம் தாண்டிப் போகாமல் தம் இடத்திலேயே விழுந்துவிடும்.

அடுத்த ஆண்டுக்கான காலங்களை டிசம்பர் தொடக்கத்தில் 12 மாதத்துக்கும் ஒரேயடியாக உருவாக்கி, கிளைக்கு ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். கடையில் அதை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள், "இன்னைக்கு எந்த வாரம் தம்பி?" என்ற அழைப்பு குறையும்.